சிவப்பு வண்டியின் குளிர்காலம்

ஜீவகுமார் அந்தச் சிவப்புக் காரை வாங்கியது, அரிசிக்காக ஊரே ரேஷன் கடையில் வரிசை நின்ற வருஷத்தில். பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேர் பையோடு கடை வாசலில் நின்றார்கள். மீதிப் பேர் அவர் வீட்டு வாசலில் காரைப் பார்க்க நின்றார்கள். இரண்டு வரிசையிலும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுதான். பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

சென்னையில் ஏதோ கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஸ்போர்ட்ஸ் கார், பந்தயத்துக்கென்றே செய்தது என்று ஜீவகுமார் பெருமையாகச் சொன்னார். யாரோடு பந்தயம் என்று அவர் மனைவி மனோன்மணி கேட்டாள். நியாயமான கேள்விதான். ராஜ வீதியில் முன்னால் மாட்டு வண்டி, பக்கத்தில் சைக்கிள், நட்டநடுவில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும் பசு. இவர்களில் யாரையும் அந்தக் கார் ஒருநாளும் ஜெயித்ததாகத் தகவல் இல்லை.

வண்டிக்கு மேல்கூரை கித்தான் துணி. உயரமோ பெஞ்சு உயரம். உள்ளே இறங்க வேண்டுமானால் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, மிச்ச உடம்பைக் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு உள்ளே தள்ள வேண்டும். இருப்பதே இரண்டு சீட்டு. ஜீவகுமாருக்கு ஓட்டத் தெரியாது. ஆகவே ஒரு சீட்டில் டிரைவர் சிட்டிபாபு, இன்னொன்றில் ஜீவகுமார். மனோன்மணி எங்கே உட்காருவது என்ற கேள்வி வண்டி வாங்கும்போதும் எழவில்லை, வாங்கிய பிறகும் எழவில்லை. அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் புடவையோடு இறங்கி ஏறுவதைவிட நடந்து போவதே மரியாதை என்று நினைத்தாள்.

கூரத்தில் நெல் விளைத்த ஜைனக் குடும்பத்துப் பெண் அவள். பட்டு வியாபாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அதிலேயே பிறந்தவர்களைவிட நன்றாக அதைக் கற்றுக்கொண்டவள். கடையில் மெத்தைமேல் சாய்ந்து புடவையை விசிறி விரித்துக் காட்டுவது ஜீவகுமாரின் வேலை. எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு கொடுத்தோம், எந்த வீட்டில் தறி காலியாக நிற்கிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் மனோன்மணிக்கு மனப்பாடம்.

அந்தத் தொழிலில் மழைக்காலம் ஒரு கண்டம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், புடவையின் நீளவாட்டு இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். வெயில் நாளில் தெருவே போதும். ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டால் தெரு வாய்க்காலாகிவிடும். பாவு காயாது, தறி ஓடாது, அப்புறம் நெசவாளி வீட்டில் எதுவுமே ஓடாது. இதற்காகவே மனோன்மணியின் மாமனார் வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் ஓட்டுக் கொட்டகை கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர்களிடம் பட்டு வாங்கும் நெசவாளர்கள் மழைக்காலத்தில் முறைவைத்து அங்கே பாவு போடுவார்கள். அந்த ஆடியிலும் தை முகூர்த்தத்துக்கான வேலையைக் கொடுக்கும்போதே, "மழையப் பத்திக் கவலப்படாதீங்க, கொட்டாயி உங்களுதுதான்" என்று மனோன்மணி வீட்டுக்கு வீடு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கார் வந்த பிறகு ராத்திரியில் அது கொட்டகையில் நின்றது. பகலில் வெளியே சுற்றியது. பகலில் சுற்றுகிறவரை யாருக்கும் நஷ்டமில்லை.

சனி புத்தக ரூபத்தில் வந்தது. வெள்ளைக்காரர் வண்டியோடு ஒரு கையேட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜீவகுமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அகராதியும் கையுமாக அதைப் படிக்க உட்கார்ந்தார். சாயங்காலம் எழுந்தபோது அவர் முகத்தில், பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவரின் நிம்மதி தெரிந்தது.

"நல்ல வேளை படிச்சேன் மனோ. குளிர்காலத்துல இத ஓட்டவே கூடாதாம். நவம்பர்லேந்து மார்ச்சு வரைக்கும் பூட்டி வெக்கணும்னு போட்டிருக்குது."

"எந்த ஊரு குளிருக்குங்க?"

"குளிர்னா எல்லா ஊர்லயும் குளிர்தான். ரேடியேட்டர்ல தண்ணி இருந்தா பனிக்கட்டியா உறைஞ்சு என்ஜினே வெடிச்சிடுமாம்."

காஞ்சிபுரத்தில் தண்ணீர் உறைய வேண்டுமென்றால் அது ஐஸ் கம்பெனிக்குப் போனால்தான் உண்டு. இங்கே குளிர்காலம் என்பது மார்கழியில் நாலு பெரியவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்வது. அதுவும் விடிந்த பிறகு அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் அச்சில், அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் வழவழப்பான தாளில் வந்த குளிரை ஜீவகுமாரால் அலட்சியம் செய்ய முடியவில்லை.

வண்டியை ஓட்டுவதா, நிறுத்துவதா என்ற விவகாரம் காபி ஹோட்டல்வரை போயிற்று. நிறுத்தினால் பாட்டரி செத்துப்போகும், டயர் ஒரு பக்கம் சப்பையாகும், பெட்ரோல் கெட்டுப்போகும் என்றது ஒரு கட்சி. ஓட்டினால் சேறு அடித்துத் தகடு துருப்பிடிக்கும், இவ்வளவு தாழ்ந்த வண்டிக்குள் பள்ளத்துத் தண்ணீர் புகுந்துவிடும் என்றது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியிலும் சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்தவர்கள்கூட அதிகமில்லை. அதனால் வாதம் தங்குதடையில்லாமல் நடந்தது. டிரைவர் சிட்டிபாபு ஓட்டுகிற கட்சி. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடைவீதியில் வலம் வருவது நின்றுபோனால் அவனுக்கு வாழ்க்கையில் என்ன மிச்சம்?

மனோன்மணிக்குக் காரின் துருவைப் பற்றியும் கவலையில்லை, டயரைப் பற்றியும் கவலையில்லை. அவளுக்கு வேண்டியது கொட்டகை. கார் பகலில் வெளியே போனால் பாவு உள்ளே வரும். கார் உள்ளே உட்கார்ந்தால் பாவு தெருவில் நனையும். கணக்கு அவ்வளவுதான்.

"தெனம் கடைக்கு அதுலயே போங்களேன்" என்றாள். "ஆசப்பட்டு வாங்கினீங்க. நாலு பேர் பாக்கவாணாமா?"

இந்தத் தூண்டிலில் ஜீவகுமார் மற்ற நாளில் உடனே சிக்கியிருப்பார். அன்று சிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, கண்ணை லேசாக மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினாலே மதத்தை இழுக்கப்போகிறார் என்று மனோன்மணிக்குத் தெரியும்.

"இது சாதுர்மாஸ்யம், மனோ. மழைக்காலத்துல பூமி பூரா ஜீவராசிங்க ஊர்ந்துக்கினு இருக்கும்னுதானே முனிவர்களே நாலு மாசம் ஓரெடத்துல தங்கிடறாங்க? ஈசலு, எறும்பு, மண்புழு... நான் வண்டியில போனா எத்தன உயிர் நசுங்கும்? அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

அவளும் அதே மதத்தில், அதே விரதங்களில் வளர்ந்தவள்தான். சாதுர்மாஸ்யம் கார்த்திகையோடு முடிந்துவிடுமே என்று மட்டும் கேட்டாள். மதம் முடிகிற இடத்திலிருந்து மார்ச்சு வரைக்கும் கையேடு பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி அவர் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். மறுநாளிலிருந்து கடைக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போனார். சக்கரத்தில் நசுங்கும் ஈசல், எறும்பு, மண்புழு எல்லாம் மிதிக்கிறவன் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா?

வண்டியை மூடி வைக்கிற வைபவம் ஒரு நல்ல நாளில் நடந்தது. உறைந்துவிடாமல் இருக்க ரேடியேட்டர் தண்ணீரை வடித்தார்கள். கையேட்டில் படம் போட்டிருந்தபடி நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டு வண்டியைச் செங்கல்மேல் உட்காரவைத்தார்கள். கித்தான் கூரையை மடித்தாயிற்று, கண்ணாடியைச் சாய்த்தாயிற்று. ஈரம் வராமலிருக்கக் கொட்டகையில் இருந்த சந்து பொந்தையெல்லாம் சிட்டிபாபு மண் குழைத்து அடைத்தான். கையேட்டில் இல்லாத ஒன்றையும் ஜீவகுமார் சேர்த்துக்கொண்டார். கடையில் பட்டுப் புடவையைப் பத்திரப்படுத்துவது போலவே வண்டியை வெள்ளை மல் துணியால் சுற்றி, சீட்டுக்குச் சீட்டு வசம்பு வைத்தார். பூட்டிய சாவி அவர் அரைஞாணில் ஏறிக்கொண்டது.

ஐப்பசி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. முனிரத்தினத்தின் மனைவி தில்லையம்மாள், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். முனிரத்தினம் அவர்களுடைய நெசவாளர்களில் கை சுத்தமான ஆள். அந்த வருஷம் கொட்டகையில் முதல் முறை அவனுடையது.

"யம்மா, கொட்டாயி சாவி?"

"ரெண்டு நாள் பொறு தில்ல. அவர்கிட்ட பேசிக்கினு இருக்கேன்."

"நீங்க பேசுங்கம்மா. மழை நிக்கமாட்டேங்குதே" என்றாள் தில்லையம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மனோன்மணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. ஒரு காலை வெயில் பளிச்சென்று அடித்ததும் முனிரத்தினம் துணிந்து தெருவில் பாவை இழுத்துக் கட்டினான். கஞ்சி தடவி முடிக்கும்போது தெற்கே கறுத்தது. அவிழ்ப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. கஞ்சி கரைந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிக்கொண்டு, மாம்பழ நிறத்துப் பட்டு வெறும் கயிறாகிவிட்டது. முனிரத்தினம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அப்படியே நின்றான். வீட்டில் இன்னும் ஒரே ஒரு பாவுக்குத்தான் பட்டு இருந்தது. அதுவும் போனால் தை வரைக்கும் தறி காலி. தறி காலியானால் கையில் காசில்லை, ரேஷன் வரிசையில் நிற்பதற்கும் காரணமில்லை.

மனோன்மணி அன்று கணவரிடம் கெஞ்சவில்லை, சண்டையே போட்டாள். "நான் வாக்குக் குடுத்திருக்கேன். என் மூஞ்சியப் பாத்துத்தான் அவங்க வேலைய எடுத்தாங்க. வெளிய எடுங்க அந்தத் தவள வண்டிய!"

"வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி என்னக் கேட்டியா?" என்றார் ஜீவகுமார். ஜைன விரதப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டுமென்பதால் அவர் அவசரமாக நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். "நம்மளால ஒரு உயிர் போவக்கூடாது. அத மட்டும் நெனச்சுப் பாரு."

தினமும் கடையிலிருந்து வந்ததும் கொட்டகையைத் திறந்து, துணியை லேசாக விலக்கி, காரைக் கண்ணாரப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவது அவர் வழக்கம். அப்படி ஒருநாள் துணியை விலக்கியவர் "ஐயோ" என்று அலறினார். மனோன்மணியும் சிட்டிபாபுவும் ஓடினார்கள். டிரைவர் சீட்டைக் குடைந்து, உள்ளே இருந்த பஞ்சோடு மூலையில் கிடந்த பட்டுக் கழிவையும் இழுத்து வந்து மெத்தை போட்டு, எலி ஒன்று குட்டி போட்டிருந்தது. ரோஸ் நிறத்தில், கண் திறக்காமல், விரல் நுனி அளவில் ஒரு குவியல். வசம்புக்குப் பயப்பட வேண்டும் என்று அந்த எலிக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"நவுருங்க மொதலாளி" என்று சிட்டிபாபு துடைப்பத்தோடு முன்னால் வந்தான்.

"டேய், தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்! ஜீவன்டா அது!"

"சரி மொதலாளி, கொல்லல. எடுத்துக் கொல்லப்பக்கம் விட்டுடறேன்."

"மழையில விட்டா செத்துடும். அந்தப் பாவம் யாருக்கு? அதுங்க தானாப் போற வரைக்கும் வண்டிய யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது." ஜீவகுமார் இதைச் சொல்லும்போது அழுகிற மாதிரியும் இருந்தது, அருள் வந்த மாதிரியும் இருந்தது. சீட்டுத் தோல் போனது அழுகைக்குக் காரணம். நாளைக்கு ஜைனர் கோயிலான ஜினாலயத்தில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்கிற நினைப்பு அருளுக்குக் காரணம்.

அவர் கதவை இழுத்துப் பூட்டப்போனார். மனோன்மணிக்கு அந்த நிமிஷத்தில்தான் பொறி தட்டியது.

"பூட்டறீங்களே, தாய் எலி தீனிக்கு எங்க போவும்? பொந்து பூரா மண்ணு வெச்சு அடச்சாச்சு. உள்ளயே பட்டினி கெடந்து செத்தா, பூட்டினவருக்குத்தானே பாவம்?"

ஜீவகுமாரின் கை பூட்டோடு நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து தாக்குதல் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தார், எலிக்குஞ்சைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவளோ நடமாடும் தருமதேவதையாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் அவர் ரிக்‌ஷா தெருமுனை திரும்பியதுமே மனோன்மணி முனிரத்தினத்தைக் கூப்பிட்டனுப்பினாள். தில்லையம்மாளும் பாவு நீவுகிற அக்கம்பக்கத்து ஆட்களும் கஞ்சிப் பானையோடு வந்தார்கள். கொட்டகை நடுவில் வெள்ளைத் துணிக்குள் கிடந்த காரைப் பார்த்ததும் எல்லோரும் தயங்கி நின்றார்கள்.

"வண்டிய நவுத்தணுமேம்மா" என்றான் முனிரத்தினம்.

"தொடவே கூடாதுன்னு அவர் உத்தரவு. ஆனா பாவு வண்டியத் தொடாதில்ல?" மனோன்மணி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று காட்டினாள். கையேடு சொன்னபடி சக்கரத்தைக் கழற்றி, கூரையை மடித்து, கண்ணாடியைச் சாய்த்ததில் அது அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. முனிரத்தினம் கழியை ஊன்றி அளந்து பார்த்துச் சிரித்துவிட்டான். பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான்.

பாவு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பந்தயக் காருக்கு மேலாக, விறைப்பாக நின்றது. இருபக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியைத் தடவி நீவிக்கொண்டே போனார்கள். சொட்டுகிற கஞ்சியெல்லாம் கீழே மல் துணியில் இறங்கி வண்டிக்கும் கொஞ்சம் மொடமொடப்புக் கொடுத்தது. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. மனோன்மணிக்கு மனசு நிறைந்திருந்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று மட்டுமல்ல, அவரை அவருடைய கயிற்றாலேயே கட்டிவிட்டோம் என்ற சந்தோஷமும் அதில் இருந்தது.

பாதிப் பாவுக்குக் கஞ்சி பட்டிருந்தபோது ஜீவகுமார் வந்து நின்றார். கடைக்குப் போகும் வழியில் ஜினாலயத்தில் அவர் சொன்ன எலிக் கதையைக் கேட்டவர்கள் உருகிப்போய், நேரிலேயே பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைக்கலாம் என்று முன்னால் ஓடி வந்திருந்தார். கொட்டகையைப் பார்த்ததும் அவருக்கு வாய் மொத்தமாகத் திறந்துகொண்டது.

"எடுங்க! எல்லாத்தையும் எடுங்க! என் வண்டிமேல கஞ்சி சொட்டுது!"

ஒருவரும் அசையவில்லை. பாதிக் கஞ்சியில் அவிழ்த்தால் அந்தப் பாவும் போச்சு என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், ஜீவகுமார் உட்பட. ஆகவே அவர் காரை விட்டுவிட்டு எலியைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள பச்சக் குஞ்சுங்க இருக்குது. உங்க சத்தத்துக்குத் தாய் மெரண்டு ஓடிட்டா அதுங்க பட்டினி கெடந்து சாவும். உங்களுக்கெல்லாம் ஈரமே கெடையாதா? அதுங்க கண்ணு தொறக்கற வரைக்கும் ஒருத்தரும் இங்க காலெடுத்து வெக்கக்கூடாது!"

தில்லையம்மாள் கஞ்சி பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"எலிக்குஞ்சு கண்ணு தொறக்கற வரைக்கும் நீங்க காத்துக்கினு இருப்பீங்க மொதலாளி. எங்க வூட்டுல ரெண்டு இருக்குது. அதுங்க கண்ணத் தொறந்துக்கினேதான் பட்டினி கெடக்குது. அதுங்களுக்கு இன்னா பண்ணணும், அதயும் சொல்லிடுங்க."

முனிரத்தினம் "ஏய்" என்று அதட்டப்போய், அதட்டாமலே விட்டான். ஜீவகுமாரின் முகம் சிவந்து, காது சிவந்து, இப்போது ஏதோ கொடுமையாகச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், பின்னால் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது.

பார்சுவநாத நயினார் வந்திருந்தார். ஜினாலயத்தில் முதல் மரியாதைக்காரர். எலிக்குப் பால் ஒரு டம்ளரில் கொண்டுவந்திருந்தார். கூட இன்னும் சிலர். நயினார் கொட்டகையை ஒரு முறை பார்த்தார். கீழே துணி போர்த்திய கார், அதற்குள் எலி, மேலே பாவு, இருபக்கமும் நெசவாளர்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஜீவகுமார், நான் எலியப் பாக்கத்தான்பா வந்தேன். ஆனா நீ வண்டிய எலிக்கு விட்டுட்டு, கொட்டகைய ஏழைங்களுக்கு விட்டிருக்க. இதச் சொல்லவே இல்லியே! வெளிய சொல்லிக்காத தருமந்தான்பா தருமம்."

ஜீவகுமாரின் முகத்திலிருந்த சிவப்பு எங்கே போயிற்றோ தெரியாது. திறந்திருந்த வாய் மெல்ல ஒரு புன்னகையாக மூடிக்கொண்டது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"எல்லாம் நம்மளால முடிஞ்சதுதாங்க" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஜீவகுமார் அல்ல. "இதோ உங்க முன்னாடியே சொல்றேன். இந்த ஜீவனுங்க தானாப் போற வரைக்கும் வண்டி அசையாது. கொட்டகைக் கதவும் மூடாது. இவங்க பாட்டுக்கு வந்து பாவு போட்டுக்கட்டும்."

"அதுங்க போயிட்டா, மொதலாளி?" என்று முனிரத்தினம் கேட்டான்.

"போயிட்டா பூட்டிடுவேன். பின்ன? மார்ச்சு வரைக்கும்னு புத்தகத்துல போட்டிருக்குதே."

அன்றைக்கு முனிரத்தினத்தின் பாவு காய்ந்து தறி ஏறியது. அடுத்து மற்றவர்கள் முறை. மழை விடாமல் பெய்தது, கொட்டகையில் வேலை விடாமல் நடந்தது. எலிக்குஞ்சுகளும் சும்மா இருக்கவில்லை. ரோமம் முளைத்தது, கண் திறந்தது, ஸ்டியரிங்மேல் ஏறி இறங்கப் பழகின. ஜீவகுமார் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவற்றைக் காட்டினார். அப்புறம் ஒருநாள் தில்லையம்மாள் பின்வாசலுக்கு ஓடி வந்தாள்.

"யம்மா, அதுங்க கெளம்பப் பாக்குதும்மா! ரெண்டு குஞ்சு கதவுவரைக்கும் வந்துட்டுப் போவுது. இன்னும் பாதி வூட்டுக்குப் பாவு போடலியே!"

எலி போனால் கொட்டகை போகும். இது எல்லோருக்கும் புரிந்தது. முதலில் மிச்சக் கஞ்சியை வைத்துப் பார்த்தார்கள். எலி முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பெரிய வீட்டு எலிக்குக் கஞ்சி இறங்குமா? ஆகவே அரிசி வைத்தார்கள். அன்றைக்கு யார் பாவோ அவர் வீட்டிலிருந்து ஒரு பிடி என்று ஏற்பாடு. ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்று வாங்கிய அரிசி, முந்தானையில் முடிந்து வந்து, டிரைவர் சீட்டில் அவிழ்ந்தது. எலிகள் போகிற யோசனையைக் கைவிட்டன. போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் மனோன்மணியும் தினம் காலையில் தன் பங்குக்கு ஒரு ஆழாக்கு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு காலையில் நயினார் மறுபடி வந்தார். ஜீவகுமார் அவரைக் கொட்டகை வாசலுக்கு அழைத்துவந்தார். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். உள்ளே தில்லையம்மாள் குனிந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, சீட்டில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் முறைகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் அரிசி இல்லையென்று இவள் கொண்டுவந்திருந்தாள்.

"பாத்தீங்களா நயினார்?" என்றார் ஜீவகுமார். குரல் கம்மியது. நிஜமாகவே கம்மியது. "நம்ம தரும போதனையெல்லாம் வேணாங்க. நாம நடந்துக்கற விதத்தப் பாத்தே இவங்களுக்கும் ஜீவகாருண்யம் வந்துடுது."

மனோன்மணி அவர்களுக்குப் பின்னால் அரிசி ஆழாக்கோடு நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக இப்படி ஏதாவது கேட்டால் அவளுக்குச் சிரிப்பு முட்டும். அன்று சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது. கணவரை நினைத்தல்ல, அவருக்குக் கூசாது. தில்லையம்மாள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் பட்டினி கிடக்கின்றன என்று காதால் கேட்டவள் அவள். அதற்குப் பிறகு இத்தனை நாள் விடிந்ததும் எலிக்கு அரிசி அளந்தாள். அந்த ஆழாக்கை ஒரே ஒருநாள் தில்லையம்மாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவருக்காவது கையேடும் விரதமும் சாக்கு, அவளுக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

அந்த ஆழாக்கைத் தில்லையம்மாளின் முந்தானையில் கொட்டிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். தில்லையம்மாள் நிமிர்ந்து பார்த்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"போடுங்கம்மா" என்றாள். "நெறையவே போடுங்க. இன்னும் நாலு வூட்டுக்குப் பாவு மிச்சம் இருக்குது."

மனோன்மணி சீட்டில் போட்டாள்.